நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் திறந்த சேர்க்கை, 1969–1976: ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய ஆய்வு

நகரப் பள்ளிகளில் படித்து முடிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் கல்லூரியில் இடம் உண்டு என்று 1969 ஜூலையில் நியூயார்க் நகரின் உயர்கல்வி வாரியம் அறிவித்தது. இதுவே திறந்த சேர்க்கை. பதினான்கு மாதங்களில் அதைச் செய்தும் காட்டியது. ஆனால் ஆறே ஆண்டுகளில் அந்த ஏற்பாட்டின் பெரும்பகுதி கைவிட்டுப் போனது. முடிவுகள் எந்த நெருக்கடியில், எந்தக் காரணத்தால் எடுக்கப்பட்டன, அவற்றில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதைச் சேர்க்கை, நிதி, பாடம் ஆகிய பொறுப்புகளில் இருப்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறோம். சம்பந்தப்பட்டவர்களைப் பதவியால் மட்டுமே குறிப்பிடுகிறோம்.

பின்னணி

இந்தப் பல்கலைக்கழகத்தின் வேர் ஒரு வாக்கெடுப்பில் இருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகளும் படிக்க, வரிப்பணத்தில் ஓர் உயர்கல்வி நிலையம் வேண்டுமா என்று 1847-ல் நகர வாக்காளர்களைக் கேட்டார்கள். வேண்டும் என்றவர்கள் 19,305 பேர், வேண்டாம் என்றவர்கள் 3,409 பேர். 1849 ஜனவரியில் லெக்சிங்டன் அவென்யூவும் 23ஆம் தெருவும் சேரும் இடத்தில் ‘ஃப்ரீ அகாடமி’ திறந்தது. கட்டணம் கிடையாது. 1866-ல் பெயர் மாறியது. பிறகு எல்லோரும் அதைச் சிட்டி காலேஜ் என்றே அழைத்தார்கள். 1907-ல் கல்லூரி ஹார்லம் பேட்டையை ஒட்டிய மேட்டுக்கு இடம்பெயர்ந்தது. சுரங்க ரயிலுக்காகத் தோண்டி எடுத்த பாறைகளால் அதன் கோதிக் கட்டடங்கள் எழும்பின.

பெண்களுக்காக 1870-ல் தொடங்கிய பள்ளி ஹண்டர் கல்லூரியாக வளர்ந்தது. 1930-ல் புரூக்ளின் கல்லூரியும் 1937-ல் குயின்ஸ் கல்லூரியும் வந்தன. 1961-ல் மாநிலச் சட்டம் ஒன்று நகரக் கல்லூரிகளை ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்து நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் என்று பெயரிட்டது. சுருக்கமாகக் ‘க்யூனி’.

கட்டணம் இல்லை என்பதால் கதவு எல்லோருக்கும் திறந்திருந்ததாகப் பொருளில்லை. இடங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். அதனால் உயர்நிலைப் பள்ளிச் சராசரி மதிப்பெண்ணே சல்லடையானது. தனியார் பல்கலைக்கழகங்கள் யூத மாணவர்களை எண்ணிக்கை வரம்பு வைத்துத் தள்ளிய காலத்தில் இந்தச் சல்லடை நியாயமாகவே வேலை செய்தது. புலம்பெயர்ந்த தையல்காரர், தள்ளுவண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் படித்து மேலே வந்தார்கள். ஆனால் 1960களில் நான்காண்டுக் கல்லூரிகளின் வெட்டுமதிப்பெண் நூற்றுக்கு ஏறத்தாழ 85 வரை ஏறியிருந்தது. மேட்டின் கீழே ஹார்லத்தில் கறுப்பின மக்களும், கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த புவேர்ட்டோ ரிக்கர்களும் வாழ்ந்தார்கள். மேட்டின் மேலே பகல்நேர மாணவர்களில் பெரும்பாலோர் வேறு பேட்டைகளிலிருந்து ரயிலேறி வந்த வெள்ளையர்கள்.

கண்ணில் பட்டவை

இந்த நிலை நிர்வாகத்துக்குத் தெரியாததல்ல. நகரின் எல்லாப் பள்ளி மாணவருக்கும் ஏதாவது ஓர் உயர்கல்வி வாய்ப்பு தருவதை 1975-க்குள் எட்ட வேண்டும் என்று 1966-லேயே வாரியம் இலக்கு வைத்திருந்தது. கட்டடம், ஆசிரியர், நிதி என ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகும் திட்டம் அது.

அதே ஆண்டில் ‘சீக்’ திட்டம் சட்டப்படி வந்தது. வெட்டுமதிப்பெண்ணைத் தொடாத, ஏழைப் பகுதி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, தனி ஆலோசகர், சிறு வகுப்பு, வாராந்திர உதவித்தொகை கொடுத்துப் பட்டப்படிப்புக்குள் கொண்டுவருவது அதன் வேலை. சிட்டி காலேஜில் சீக் வகுப்புகளில் எழுத்துப் பாடம் எடுத்தவர்களில் பின்னாளில் பெயர்பெற்ற கவிஞர்கள் சிலர் உண்டு. திட்டம் நன்றாக நடந்தது, ஆனால் சிறியது. ஆண்டுதோறும் மாநில சட்டமன்றம் பணம் ஒதுக்கினால்தான் உயிர். 1969 தொடக்கத்தில் மாநில வரவுசெலவில் வெட்டு வருகிறது, சீக் திட்டமே நின்றுபோகலாம் என்ற பேச்சு பரவியது.

1969 பிப்ரவரி முதல் மே வரை

பிப்ரவரியில் சிட்டி காலேஜின் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மாணவர்கள் கல்லூரித் தலைவரிடம் ஐந்து கோரிக்கைகளைக் கொடுத்தார்கள். கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க ஆய்வுகளுக்குத் தனிப் பள்ளி. அந்த மாணவர்களுக்குத் தனி அறிமுக வகுப்பு. சீக் திட்டத்தில் ஆசிரியர் நியமனம், நீக்கம் உட்பட மாணவர்களுக்குப் பங்கு. புதிதாகச் சேரும் வகுப்பின் இனவிகிதம் நகரப் பள்ளிகளின் இனவிகிதத்தை ஒத்திருக்க வேண்டும். ஆசிரியப் பயிற்சி பெறுவோர் எல்லோரும் இம்மக்களின் வரலாறும் ஸ்பானிய மொழியும் படிக்க வேண்டும். நான்காவதைத் தவிர மற்றவற்றைக் கல்லூரியே பேசித் தீர்த்திருக்கலாம். நான்காவது நகரம் முழுவதையும் தொட்டது.

நிர்வாகம் அனுதாபத்தோடு பதில் சொன்னது, உறுதியாக எதையும் சொல்லவில்லை. ஏப்ரல் 22 அதிகாலை, மழையில், சுமார் இருநூறு மாணவர்கள் தெற்கு வளாகத்தின் வாயில்களைச் சங்கிலியால் பூட்டி உள்ளே அமர்ந்தார்கள். வளாகத்துக்கு ‘ஹார்லம் பல்கலைக்கழகம்’ என்று பெயர் வைத்தார்கள். சுற்றியிருந்த பேட்டைவாசிகள் சாப்பாடு கொண்டுவந்தார்கள். உள்ளே அக்கம்பக்கத்தாருக்கும் சேர்த்து வகுப்புகள் நடந்தன. தங்கள் தெருவுக்கு மேலே அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நின்ற கல்லூரிக்குள் பலர் முதன்முறையாகக் கால்வைத்தார்கள். பிறகு நடந்த எல்லாவற்றையும்விட இதுவே நிலைமையின் ஆழத்தைக் காட்டுகிறது.

கல்லூரித் தலைவர் போலீசை அழைக்காமல் வளாகத்தை மூடிவைத்துப் பேச்சுவார்த்தை நடத்தினார். முந்தைய ஆண்டு அதே நகரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் போலீஸ் புகுந்து நூற்றுக்கணக்கானோரைக் கைதுசெய்ததன் காயம் ஆறவில்லை. ஹார்லத்தின் நடுவே அதையே செய்தால் மோதல் வளாகத்துக்குள் அடங்காது என்று அவர் கணித்தார். கணிப்பு சரியே. ஆனால் அது மேயர் தேர்தல் ஆண்டு. போட்டியில் இருந்த நகர நிதிக் கட்டுப்பாட்டாளர் நீதிமன்றம் சென்று கல்லூரியைத் திறக்க உத்தரவு வாங்கினார். மே 5 அன்று மாணவர்கள் வெளியேறினார்கள். போலீஸ் காவலோடு வகுப்புகள் தொடங்கின, கைகலப்பு நடந்தது, மே 8 அன்று மாணவர் மையத்தின் அரங்கில் தீப்பிடித்தது. தலைவர் பதவி விலகினார்.

மூன்று வழிகள், ஒரு தேர்வு

மே மாதக் கடைசியில் பேச்சுவார்த்தைக் குழு ஓர் உடன்பாட்டோடு வந்தது. சிட்டி காலேஜின் முதலாண்டு இடங்களில் பாதி பழையபடி மதிப்பெண்ணுக்கு, மீதிப் பாதி ஏழைப் பகுதிப் பள்ளிகளிலிருந்து மதிப்பெண் பார்க்காமல். இரட்டைச் சேர்க்கை என்று பேசப்பட்டது இதுதான். ஆசிரியர் பேரவை நிராகரித்தது. மேயர் வேட்பாளர்களும் எதிர்த்தார்கள். இருக்கும் இடங்களின் எண்ணிக்கை மாறாதபோது ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவரிடமிருந்து எடுத்ததாகிறது. எடுக்கப்படப்போவது பெரும்பாலும் யூத, இத்தாலிய, ஐரிஷ் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளின் இடம்.

பழைய முறையிலேயே தொடர்வது இரண்டாவது வழி. அந்த வசந்தகாலத்துக்குப் பிறகு அதைச் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

மூன்றாவது, 1975-க்கு வைத்திருந்த இலக்கை ஐந்தாண்டு முன்னே இழுத்து 1970 செப்டம்பரிலேயே எல்லோரையும் சேர்ப்பது. நகரத் தொழிற்சங்கத் தலைமை இதற்குத் தோள்கொடுத்தது. மதிப்பெண் போதாமல் வெளியே நின்ற வெள்ளைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஏராளம் என்பதால் இது சங்க உறுப்பினர்களின் சொந்த விஷயம். ஜூலை 9 அன்று வாரியம் தீர்மானம் போட்டது. எல்லாப் பள்ளிப் பட்டதாரிகளுக்கும் இடம், தேவைப்படுவோருக்கு அடிப்படைப் பயிற்சி, கல்வித் தரம் குறையாமை, கல்லூரிகளில் இனக் கலப்பு ஆகியவற்றோடு, பழைய அளவுகோலில் ஒரு குறிப்பிட்ட கல்லூரிக்குத் தகுதி பெற்றிருக்கக்கூடியவர் இப்போதும் அங்கேயே சேரலாம் என்ற உறுதியும் அதில் இருந்தது. எதிர்ப்பைத் தணித்தது இந்தக் கடைசி வரி என்றே கருதுகிறோம். மாணவர்கள் கேட்ட தனிப் பள்ளி கிடைக்கவில்லை. நகர, இன ஆய்வுகளுக்கான துறை ஒன்று கிடைத்தது.

தரவரிசை விதி

எல்லோருக்கும் இடம் என்பது எளிது. யாருக்கு எந்தக் கல்லூரி என்பதே கடினம். வெறும் சராசரியை வைத்துப் பிரித்தால் ஹார்லம் மாணவர்கள் அனைவரும் ஈராண்டு சமுதாயக் கல்லூரிகளிலும் மற்றவர்கள் நான்காண்டுக் கல்லூரிகளிலும் போய்ச் சேர்வார்கள். இனக் கலப்பு ஏட்டளவில் நிற்கும். இதற்கென அமைத்த ஆணையத்தில் ஒருமித்த கருத்து வரவில்லை, குலுக்கல் முறைகூடப் பேசப்பட்டது.

நவம்பரில் வாரியம் எடுத்த முடிவு சுருக்கமானது. சராசரி 80, அல்லது தன் பள்ளியின் வகுப்புத் தரவரிசையில் மேல்பாதி. இரண்டில் ஒன்று இருந்தால் நான்காண்டுக் கல்லூரி. இரண்டும் இல்லாதவருக்குச் சமுதாயக் கல்லூரி.

‘அல்லது’ என்ற அந்தச் சொல் செய்த வேலை பெரிது. நல்ல வசதியுள்ள பள்ளியில் 79 வாங்கி வகுப்பின் கீழ்ப்பாதியில் இருக்கும் ஒரு மாணவரையும், மதிப்பெண் கறாராகப் போடும் நெரிசல் மிகுந்த பள்ளியில் 74 வாங்கி மேல்பாதியில் இருக்கும் ஒருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி மட்டும் அளவுகோலானால் முதலாமவர் முந்துவார். தரவரிசை சேர்ந்தால் இரண்டாமவர் உள்ளே வருவார். நகரப் பள்ளிகள் நடைமுறையில் இனவாரியாகப் பிரிந்து கிடந்ததால், ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் மேல்பாதியை எடுப்பது விண்ணப்பத்தில் இனத்தைக் கேட்காமலே கல்லூரியைக் கலக்கியது. இந்த நிகழ்வில் மிகச் சிறப்பாக வடிவமைக்கப்பட்ட பகுதி இதுவே.

1970 செப்டம்பர்

முந்தைய ஆண்டு சுமார் 20,000 பேர் சேர்ந்த முதலாண்டில் இப்போது சுமார் 35,000 பேர். கட்டடம் ஓராண்டில் முளைக்காது. அலுவலகங்கள், கிடங்குகள், திரையரங்குகள் என வாடகைக்குக் கிடைத்ததெல்லாம் வகுப்பறையானது. தற்காலிகக் கூடங்கள் நிறுத்தப்பட்டன. காலை முதல் இரவுவரை கால அட்டவணை நீண்டது. தெற்கு பிராங்க்ஸில் ஸ்பானியம், ஆங்கிலம் என இருமொழியிலும் கற்பிக்க வந்த ஹாஸ்டோஸ் சமுதாயக் கல்லூரி பழைய டயர் தொழிற்சாலை ஒன்றில் தொடங்கியது.

அந்த ஆண்டு வசந்தத்திலேயே, சேரப்போகும் மாணவர்களுக்கு வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைக்கப்பட்டது. யாரையும் தள்ளுவதற்கல்ல, யாருக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று அறிய. ஆனால் முடிவுகள் கைக்கு வந்தபோது ஆசிரியர்களை எடுக்கவும் பாடம் தயாரிக்கவும் கோடைகாலம் மட்டுமே மிச்சம். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்கு அடிப்படைப் பயிற்சி தேவைப்பட்டது. அவர்களில் கணிசமானோர் பழைய அளவுகோலிலேயே சேர்ந்திருக்கக்கூடியவர்கள். பலவீனம் முன்பும் இருந்தது, அதை யாரும் அளந்து பார்த்ததில்லை.

வகுப்பறைக்குள்

ஒவ்வொரு கல்லூரியும் தன் வழியில் அடிப்படைப் பயிற்சியை நடத்தியது. சிலவற்றில் அந்த வகுப்புக்குப் பட்டத்துக்கான கணக்கில் சேரும் மதிப்புப்புள்ளி உண்டு, சிலவற்றில் பாதி, சிலவற்றில் எதுவுமில்லை. புள்ளி இல்லாத வகுப்பில் ஒரு பருவம் முழுக்க உட்காரும் மாணவர், பட்டத்தை நோக்கி ஓர் அடிகூட நகராமல் ரயில் கட்டணமும் புத்தகச் செலவும் செய்கிறார். வேலைக்கும் போய்க்கொண்டிருப்பவருக்கு இது தாங்காது. படிப்பை விட்டவர்களில் பலர் பாடத்தில் தோற்று விடவில்லை. பருவங்கள் கையில் ஒன்றுமில்லாமல் கழிந்ததால் விட்டார்கள்.

இரண்டாவது சிக்கல், கற்பிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. பதினேழாம் நூற்றாண்டுக் கவிதையில் முனைவர் பட்டம் வாங்கியவரிடம் வாக்கியத்தை முடிக்கத் தெரியாத முப்பது பேரை ஒப்படைத்தார்கள். சிட்டி காலேஜில் எழுத்துத் திட்டத்தை நடத்திய ஆசிரியை, பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிடுவதை நிறுத்தி அவற்றைப் படிக்கத் தொடங்கினார். 1970 முதல் 1974 வரை புதிய மாணவர்கள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகள். பிழைகள் கண்டபடி விழவில்லை, அரைகுறையாகப் புரிந்த ஒரு விதியால் ஒவ்வொரு மாணவரிடமும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி விழுகின்றன என்று காட்டினார். பேச்சுமொழியில் இல்லாத விகுதி எழுத்தில் உதிர்கிறது. அதை உணர்ந்த மாணவர் தேவையில்லாத இடத்திலும் சேர்க்கிறார். பள்ளியில் எழுதவே நேர்ந்திராத ஒருவருக்கு இலக்கணப் பட்டியலைவிட எழுதும் நேரம் அதிகம் வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் தொடக்கநிலை எழுத்துப் பயிற்சி தனித்துறையாக வளர்ந்ததற்கு இந்த வேலை அடித்தளமானது. இது கொள்கை வகுத்தவர்களிடமிருந்து வந்ததல்ல, வகுப்பெடுத்தவர்களிடமிருந்து வந்தது.

யார் பயன்பெற்றார்கள் என்பதில் ஒரு தவறான எண்ணம் இன்றும் இருக்கிறது. கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மாணவர் எண்ணிக்கை பலமடங்கு பெருகியது உண்மை. ஆனால் தொடக்க ஆண்டுகளில் இந்தக் கொள்கையால் மட்டுமே உள்ளே வரமுடிந்தவர்களில் வெள்ளையர்களே அதிகம். ஹார்லம் மாணவர்கள் பூட்டிய வாயிலின் பலன் குயின்ஸ், புரூக்ளின் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

1975–76: பணம் நின்றபோது

நான்காண்டுக் கல்லூரிகளின் செலவை நகரமும் மாநிலமும் பகிர்ந்துகொண்டன. மாணவர் எண்ணிக்கை 1975 வாக்கில் சுமார் இரண்டரை லட்சம். அந்த வசந்தத்தில் நகரத்தின் கடன் பத்திரங்களை வாங்க ஆளில்லாமல் போனது. இலையுதிர் காலத்தில் நகர நிதி மாநிலம் அமைத்த கட்டுப்பாட்டு வாரியத்தின் கைக்குப் போனது. மாநிலப் பல்கலைக்கழகம் கட்டணம் வாங்கும்போது நகரப் பல்கலைக்கழகம் மட்டும் இலவசமாக ஏன் நடத்த வேண்டும் என்ற கேள்வி முன்வந்தது.

முதலில் சேர்க்கை விதி சுருங்கியது. நான்காண்டுக் கல்லூரிக்கான தரவரிசை எல்லை மேல்பாதியிலிருந்து ஏறத்தாழ மேல் மூன்றில் ஒன்றாக இறுகியது. 1976 மே இறுதியில் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் பல்கலைக்கழகம் முழுவதும் இரண்டு வாரங்கள் மூடப்பட்டது. அந்த இடைவெளியில், சில உறுப்பினர்கள் விலகியபின், வாரியம் கட்டணத்துக்கு வாக்களித்தது. 129 ஆண்டு வழக்கம் அன்று முடிந்தது.

ஏழை மாணவர்களின் கட்டணத்தை மாநில உதவித்தொகை ஈடுகட்டும் என்பது அப்போது சொல்லப்பட்ட சமாதானம். அந்த உதவித்தொகை முழுநேர மாணவர்களுக்கானது. வேலை பார்த்துக்கொண்டு பகுதிநேரம் படித்தவர்களே இந்தப் பல்கலைக்கழகத்தின் ஏழைகள். அவர்கள் அதற்குள் வரவில்லை. நிரந்தரமாகாத ஆசிரியர்கள் முதலில் நீக்கப்பட்டார்கள். அடிப்படைப் பயிற்சிக்கென்று புதிதாக எடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அவர்களே. 1980 வாக்கில் மாணவர் எண்ணிக்கை இரண்டு லட்சத்துக்குக் கீழே இறங்கியிருந்தது.

ஹாஸ்டோஸ் கல்லூரியை வேறொன்றோடு இணைத்து மூடிவிடத் திட்டமிட்டார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் பேட்டை மக்களும் கட்டடத்தில் இருபது நாள் அமர்ந்தார்கள். கல்லூரி தப்பியது. ஒரு பேட்டை தன்னுடையது என்று நினைத்த கல்லூரிக்கு அங்கே காவல் இருந்தது.

பின்னர்

1979-ல் மாநிலம் சட்டமியற்றி நான்காண்டுக் கல்லூரிகளின் செலவை ஏற்றுக்கொண்டது. 1978 முதல் வாசிப்பு, எழுத்து, கணக்குத் தேர்வுகள் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவாயின. 1999-ல் நான்காண்டுப் பட்டப்படிப்புகளிலிருந்து அடிப்படைப் பயிற்சியை அகற்றப் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழு வாக்களித்தது.

1970களின் நடுவில் நான்கு, ஐந்து ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்களை எண்ணித்தான் இந்தக் கொள்கை தோற்றது என்றார்கள். 1970–72-ல் சேர்ந்த பெண்களை ஆய்வாளர்கள் ஏறக்குறைய முப்பதாண்டு கழித்துத் தேடிப்பிடித்துக் கேட்டபோது, பத்தில் ஏழு பேருக்கு மேல் ஏதாவது ஒரு பட்டம் பெற்றிருந்தார்கள். குழந்தை பெற்று, வேலைக்குப் போய், திரும்பி வந்து முடித்தவர்கள் பலர். அவர்களின் பிள்ளைகளும் பள்ளியில் முன்னேறியிருந்தார்கள்.

மீண்டும் செய்வதானால்

தரவரிசை விதியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மாற்ற வேண்டியது முதலில் காலவரிசை. 1975 வரை நீளவிருந்த திட்டத்தை ஓராண்டாக்கியது அரசியல் தேவை என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் மாணவர்களை அளக்கும் தேர்வைச் சேர்க்கைக்கு ஒரு கல்வியாண்டு முன்பே நடத்தியிருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை இல்லாமல் எடுத்த ஆசிரியர் நியமனங்கள் குத்துமதிப்பானவை.

நிதியில், சீக் திட்டத்தின் ஆண்டுக்கு ஆண்டு ஒதுக்கீட்டு முறை கண்முன்னே ஆட்டம் கண்டிருந்தது. அதைக் கண்டும் பல மடங்கு பெரிய பொறுப்பை அதே போன்ற ஆண்டு ஒதுக்கீட்டின் மேல் ஏற்றியது மிகப் பெரிய பிழை. மாநிலம் 1979-ல் ஏற்றதை 1969-ல், தெருவிலும் சட்டமன்றத்திலும் அழுத்தம் உச்சத்தில் இருந்தபோதே, கேட்டுச் சட்டமாக்கியிருக்க வேண்டும்.

அடிப்படைப் பயிற்சியைத் தனி அறையில் புள்ளியில்லாமல் நடத்தாமல், புள்ளியுள்ள பாடத்தோடு கூடுதல் மணி நேரமாக இணைக்க வேண்டும். இதே பல்கலைக்கழகம் பின்னாளில் இந்த முறைக்கே மாறியது. உடன்தரும் உதவியும் அவ்வளவே முக்கியம். 2007-ல் அதன் சமுதாயக் கல்லூரிகளில் தொடங்கிய ‘அசாப்’ திட்டம் மாணவரிடம் முழுநேரப் படிப்பைக் கேட்டது. பதிலுக்கு அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர், ரயில்-பேருந்து அட்டை, பாடநூல், உதவித்தொகை போக மிஞ்சும் கட்டணத்துக்குத் தள்ளுபடி ஆகியவற்றைக் கொடுத்தது. அடிப்படைப் பயிற்சி தேவைப்பட்ட மாணவர்களைக் குலுக்கலில் இரு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டதில், மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் வழக்கமான முறையில் 22 விழுக்காடு, இந்தத் திட்டத்தில் 40 விழுக்காடு.

மாணவர் பதிவேடுகளைச் சேர்க்கை நாளிலிருந்து குறைந்தது பத்தாண்டு தொடரும்படி அமைப்பது கடைசிப் பரிந்துரை. இடையில் நின்றவரை ‘விட்டவர்’ என்று மூடாமல் ‘நிற்பவர்’ என்று திறந்து வைக்க வேண்டும். திரும்பி வரும்போது பழைய புள்ளிகள் செல்லுபடியாக வேண்டும். பகுதிநேர மாணவருக்கும் உதவித்தொகை கிடைக்க வேண்டும்.